ஏழு நிமிட வேலை

இஸ்ஸத் ஃபிக்ரி சொத்துப் பதிவு அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் உட்கார்ந்து எழுந்தவர். அந்த முப்பத்தொரு வருடத்தில் அவருடைய ஜன்னலில் முதல் தடவையிலேயே வேலை முடிந்து போனவர்கள் இரண்டு பேர்தான். ஒருவர் கவர்னரின் மைத்துனர். மற்றவரை இவர் கவர்னரின் மைத்துனர் என்று தவறாக நினைத்துவிட்டார்.

ஓய்வு பெற்ற பிறகு, அலெக்ஸாந்திரியாவில் இப்ராஹிமிய்யா டிராம் நிறுத்தத்துக்குப் பின்னால் இருந்த மூன்றாம் மாடி வீட்டில், திருப்பி அனுப்ப ஆளில்லாமல் மூன்று மாதம் தவித்தார். அப்போதுதான் ஹுர்ரியா கிடைத்தது.

ஹுர்ரியா என்றால் விடுதலை. ஆனால் இது ஓர் இயங்குதளம். வீட்டுக்கு வரும் இணைய இணைப்பை வாங்கிப் பிரித்துக் கொடுக்கிற ரூட்டர் பெட்டிக்குள் ஓடுவது. உலகத்தின் பல மூலைகளில், ஒருவரையொருவர் பார்த்தே இராத ஆட்கள் சம்பளம் வாங்காமல் எழுதியது. யாரும் எடுத்துக்கொள்ளலாம், யாரும் திறந்து பார்க்கலாம், யாரும் மாற்றி எழுதலாம். இஸ்ஸத் அதில் ஒரு புள்ளியைக்கூட மாற்றியதில்லை. மாற்றலாம் என்கிற நினைப்பே அவருக்கு வயிறு நிறையப் போதுமானதாக இருந்தது. இணையக் கம்பெனி கொடுத்த வெள்ளைப் பெட்டியைப் பிடுங்கிவிட்டு, கறுப்புப் பெட்டி ஒன்றை வாங்கி, அதில் ஹுர்ரியாவை ஏற்றி, வரவேற்பறை அலமாரியின் மேல் வைத்தார். அதற்கு நான்கு கொம்புகள். வருகிறவர்கள் "இது என்ன?" என்று கேட்காமல் போனால் கதவருகே நிறுத்தி அவரே சொல்லிவிடுவார்.

அந்தத் திங்கட்கிழமை காலை ஹுர்ரியாவை எழுதுகிறவர்களிடமிருந்து ஒரு மின்கடிதம் வந்தது. இஸ்ஸத் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். பிறகு அடுக்களை வாசலில் போய் நின்றார்.

"சமீஹா, நம்ம ஹுர்ரியா இருபத்தொண்ணு இறந்துடுச்சு."

அவருடைய மனைவி சமீஹா பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. பள்ளி இறுதிப் பரீட்சைக்குப் படிக்கும் நாற்பத்துமூன்று பேருக்கு மாலை நேரங்களில் வீட்டிலிருந்தபடியே இணையத்தில் பாடம் நடத்தினாள். அவள் அவரைக்காய் உரித்துக்கொண்டே கேட்டாள்.

"யாரு இறந்தது?"

"பெட்டியில ஓடுற பதிப்பு. ஆயுள் முடிஞ்சதுன்னு அறிவிச்சிருக்காங்க."

"இப்ப இணையம் வருதா?"

"வருது."

"நல்லா வருதா?"

"நல்லாத்தான் வருது."

"அப்ப இறந்தது எப்படி யா இஸ்ஸத் ஓடுது?"

"அது உனக்குப் புரியாது. ஆதரவு முடிஞ்சிடுச்சு. இனிமே அதுக்குக் கேட்க நாதி கிடையாது."

"எனக்கும்தான் கிடையாது. நான் ஓடலையா?" சமீஹா கத்தியைக் கீழே வைத்தாள். "இதைக் கேளு. வியாழக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு என் கடைசி வகுப்பு. சனிக்கிழமை பரீட்சை. சனிக்கிழமை மத்தியானம் வரைக்கும் அந்தப் பெட்டிகிட்ட நீ போகக்கூடாது. தூசி தட்டக்கூடப் போகக்கூடாது. சத்தியம் பண்ணு."

"வல்லாஹி, தொடமாட்டேன்."

அவர் மனதறிந்துதான் சத்தியம் செய்தார். திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் காப்பாற்றினார். வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு சமீஹா வேறொரு பள்ளிக்குத் தேர்வு மேற்பார்வைக்குப் புறப்பட்டுப் போனாள். எட்டேகாலுக்கு இஸ்ஸத், சும்மா படித்துத்தான் பார்ப்போமே என்று மேம்பாட்டுக் குறிப்பைத் திறந்தார். அதன் முதல் வரி இப்படி இருந்தது: "மேம்படுத்துவது மிக எளிது. சராசரியாக ஏழு நிமிடம் ஆகும்."

ஏழு நிமிடம். சமீஹா வருவது நாலு மணிக்கு. முப்பத்தொரு வருட அலுவலக வாழ்க்கையில் ஏழு நிமிடத்தில் முடிகிற ஒரு வேலையை அவர் கண்ணால் பார்த்ததில்லை. பார்த்துவிட வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது.

குறிப்பு முப்பத்தெட்டுப் பக்கம். "நீங்கள் பத்தொன்பதாம் பதிப்பிலிருந்து வருவதானால் இந்தப் பத்தியைப் படிக்க வேண்டாம்" என்று ஒரு பத்தி இருந்தது. அதைப் படிக்காமல் எப்படி அது தெரியும் என்று அவர் சற்று நேரம் யோசித்தார். "அமைப்புகளை நகல் எடுத்துப் பத்திரமான இடத்தில் வையுங்கள்" என்றது இன்னொரு பத்தி. நகல் எடுத்து, இருப்பதிலேயே பத்திரமான இடமான இணையச் சேமிப்பில் வைத்தார். "இணைப்புத் துளைகளின் வரிசை சில பெட்டிகளில் மாறியிருக்கலாம், விவரம் அறிய இணையப் பக்கத்தைப் பார்க்கவும்" என்பது முப்பத்தாறாம் பக்கத்தில் இருந்தது. அவர் பன்னிரண்டாம் பக்கத்தோடு நிறுத்திக்கொண்டு பொத்தானை அழுத்தினார்.

குறிப்பில் பொய் இல்லை. சரியாக ஏழு நிமிடத்தில் பெட்டி எழுந்து உட்கார்ந்தது. புதிய பதிப்பின் முகப்பு பளிச்சென்று வந்தது. எல்லாம் இருந்தது. இணையம் மட்டும் இல்லை.

கம்பெனி கொடுத்த பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் குறிப்பேட்டில் தேடி எடுத்து மூன்று தடவை அடித்துப் பார்த்தார். அணைத்துப் போட்டார். பெட்டியின் கொம்புகளைத் திருப்பி வைத்தார். ஆரஞ்சு விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தது. நகலை எடுக்கலாமென்றால் அது இணையத்தில் இருந்தது. மீதிக் குறிப்பைப் படிக்கலாமென்றால் அதுவும் இணையத்தில்தான் இருந்தது.

கைப்பேசியில் கம்பெனியைக் கூப்பிட்டார். இருபது நிமிட இசைக்குப் பிறகு ஒரு பெண் வந்தாள்.

"பெட்டிக்கு அடியில இருக்கிற எண்ணைப் படிங்க உஸ்தாத்."

படித்தார்.

"இது எங்க பெட்டி இல்லையே உஸ்தாத்."

"உங்க பெட்டி இல்லைம்மா. என்னோடது. இதுல ஓடுறது விடுதலை பெற்ற இயங்குதளம். இதை யாரும் உளவு பார்க்க முடியாது, யாரும் பூட்ட முடியாது."

"மாஷா அல்லா. வெள்ளைப் பெட்டின்னா ஒண்ணை அழுத்தச் சொல்லணும், நீலப் பெட்டின்னா ரெண்டு. விடுதலைக்கு எதை அழுத்தணும்னு எங்களுக்குப் பயிற்சி குடுக்கலை உஸ்தாத்."

வெள்ளைப் பெட்டியையே திரும்ப மாட்டிவிடலாம் என்று அவருக்குத் தோன்றாமல் இல்லை. ஆனால் அதை அவர் நான்கு வருடத்துக்கு முன்பே ஹுர்ரியா பயனர் மன்றத்துக்கு அன்பளிப்பாகக் கொடுத்திருந்தார். மன்றத்தில் அதைப் பிரித்து, பாகம் பாகமாக அட்டையில் ஒட்டி, "அடிமைத்தனத்தின் உள்ளுறுப்புகள்" என்று எழுதிச் சுவரில் மாட்டியிருந்தார்கள்.

கைப்பேசியில் மிச்சமிருந்த கொஞ்சம் இணையப் பொதியை நம்பி உலகப் பயனர் அரங்கத்துக்குள் போய்க் கேள்வியைப் பதிந்தார். மூன்று நிமிடத்தில் கேள்வி பூட்டப்பட்டது. "இது ஏற்கெனவே கேட்கப்பட்டது. கேட்பதற்கு முன் தேடவும்" என்று பூட்டியவர் எழுதி, பழைய கேள்விக்கு வழி காட்டியிருந்தார். இஸ்ஸத் ஓடிப்போய்ப் பார்த்தார். அதே பெட்டி. அதே ஆரஞ்சு விளக்கு. யாரோ ஒருவர் பதறியடித்து ஒன்பது தடவை கேட்டிருந்தார். யாரும் பதில் சொல்லவில்லை. பத்தாவதாக அந்த ஆளே எழுதியிருந்தார்: "சரியாகிவிட்டது. நன்றி." எப்படிச் சரியானது என்று ஒரு வார்த்தை இல்லை.

"மடையன்," என்றார் இஸ்ஸத் வாய்விட்டு. "ஒரு வரி எழுதியிருந்தா கை தேய்ஞ்சா போயிடும்?"

பிறகுதான் மேலே எழுதியவர் பெயரைப் பார்த்தார். இஸ்ஸத் ஃபிக்ரி, அலெக்ஸாந்திரியா.

போன தடவை எப்படிச் சரியாக்கினோம் என்று எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. அப்போது எவ்வளவு பெருமையாக இருந்தது என்பது மட்டும் நன்றாக ஞாபகம் இருந்தது. புதிய பதிப்பையே இன்னொரு தடவை இறக்கிப் பார்த்தார்; கைப்பேசியின் இணையப் பொதியும் அதோடு தீர்ந்தது. மணி பன்னிரண்டரை. சட்டையை மாட்டிக்கொண்டு கீழே இறங்கினார்.

*

ஹுர்ரியா பயனர் மன்றம் காம்ப் ஷிஸாரில் ஓர் ஈரல் சாண்ட்விச் கடைக்கு மேலே இருந்தது. வியாழக்கிழமை ஒரு மணிக்கு வாராந்தரக் கூட்டம். இஸ்ஸத் மூச்சிரைக்க மேலேறிய நேரத்தில் ஏழு பேர் கூடியிருந்தார்கள். நடுவில் தலைவர் டாக்டர் மத்வல்லி. கோழி நோய்களில் ஆய்வு செய்து பட்டம் வாங்கியவர். வலப்பக்கம் செயலாளர் பொறியாளர் நபவி, எல்லாக் குறிப்பையும் எல்லாப் பக்கமும் படித்தவர். இடப்பக்கம் மேடம் அஃப்கார், கூட்டத்தில் யார் இருமினாலும் நடவடிக்கைக் குறிப்பில் எழுதுகிறவர். இன்னும் நான்கு உறுப்பினர்கள்.

"டாக்டர், ஹுர்ரியாவை மேம்படுத்தினேன், இணையம் போச்சு..." என்று ஆரம்பித்தார் இஸ்ஸத்.

நபவி கையை உயர்த்தினார். "ஹுர்ரியா இல்லை. ஹுர்ரியா கட்டற்ற இயங்குதளம். முழுப் பெயரைச் சொல்லுங்க உஸ்தாத் இஸ்ஸத். நாமே சுருக்கினா நாளைக்கு ஜனங்க என்ன சொல்லுவாங்க?"

"ஹுர்ரியா கட்டற்ற இயங்குதளத்தை மேம்படுத்தினேன். ஆறு மணிக்கு என் மனைவிக்கு வகுப்பு. நாற்பத்துமூணு பிள்ளைங்க..."

"உட்காருங்க," என்றார் டாக்டர் மத்வல்லி கனிவாக. "முதல்ல ஒரு விஷயம். நீங்க ஏதோ ஓர் அலுவலகத்துக்கு வந்த மாதிரி பதறுறீங்க. இது அலுவலகம் இல்லை. இங்க மேலே கீழேன்னு கிடையாது. தலைவன்னு யாரும் கிடையாது. பதினோரு வருஷமா இந்த நாற்காலியில உட்கார்ந்துக்கிட்டு நான் இதைத்தான் சொல்லிட்டு வரேன். வேற யாரையாவது சொல்ல விட்டிருக்கேனா? இல்லை. ஏன்னா இதை இவ்வளவு அழுத்தமாச் சொல்ல வேற ஆள் கிடையாது."

நான்கு உறுப்பினர்களும் தலையாட்டினார்கள். மேடம் அஃப்கார் எழுதிக்கொண்டார்.

"நம்மளோட ஒவ்வொரு வரியும் திறந்த வரி," என்று டாக்டர் தொடர்ந்தார். "எவன் வேணும்னாலும் படிக்கலாம். படிச்சவங்க எத்தனை பேருன்னு கேட்காதீங்க, அது வேற கேள்வி. நான் படிச்சதில்லை. ஆனா படிக்கலாம்கிற உரிமைக்காக உயிரையும் கொடுப்பேன்."

"இன்ஷா அல்லா," என்றார் ஒருவர்.

இஸ்ஸத் கடிகாரத்தைப் பார்த்தார். "டாக்டர், யாராவது ஒருத்தர் என்கூட வீட்டுக்கு வந்தா..."

"வரலாம். தாராளமா வரலாம்," என்றார் நபவி. "அவசர உதவிப் படிவம் பூர்த்தி பண்ணியாச்சா?"

அந்தப் படிவம் பதினேழு கேள்விகள் கொண்டது. இணையத்தில் மட்டுமே பூர்த்தி செய்ய முடியும். கேள்வி ஒன்பது: "உங்கள் இணைய இணைப்பு எப்போதிலிருந்து வேலை செய்யவில்லை?" கேள்வி பதினாறு: "தவறு உங்களுடையது என்பதை ஒப்புக்கொள்கிறீர்களா? ஆம் அல்லது நிச்சயமாக ஆம்." அதைத் தயாரித்தவர் மன்றத்தின் ஆவணக் குழுத் தலைவர். ஆவணக் குழுத் தலைவர் இஸ்ஸத் ஃபிக்ரி. படிவம் நிறைவேறிய அன்று எல்லாரும் கைதட்டியதும், ஈரல் சாண்ட்விச் வரவழைத்துச் சாப்பிட்டதும் அவருக்கு நினைவு வந்தது.

நபவியின் வைஃபையில் உட்கார்ந்து பதினேழு கேள்விக்கும் பதில் எழுதினார். நிச்சயமாக ஆம் என்பதைத் தேர்ந்தெடுத்தார்.

நபவி படித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "பெட்டியோட வரிசை எண் ரெண்டு இடத்துல வேற வேற மாதிரி இருக்கு. இங்க சுழி, அங்க ஓ எழுத்து. திருத்திக்கிட்டு நாளைக்கு வாங்களேன்."

நாளைக்கு வாங்களேன். இஸ்ஸத்துக்கு உடம்பு சிலிர்த்தது. கோபத்தால் அல்ல. அந்த 'களேன்' இருக்கிறதே, அதில் குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, பார்வையை அடுத்த ஆளின் மேல் வைத்துச் சொல்ல வேண்டும். முப்பத்தொரு வருடம் அவர் பழகிய ராகம் அது. நபவி அதை ஒரு சுருதி பிசகாமல் சொன்னார். இஸ்ஸத்தின் தொண்டை வரை பாராட்டு வந்துவிட்டது. ஆறு மணி ஞாபகம் வந்து அதை அடக்கிக்கொண்டார்.

"நாளைக்கு முடியாது. இன்னிக்கு ஆறு மணிக்கு," என்றார். தன் ஜன்னலுக்கு வெளியே நின்றவர்கள் எல்லாரும் இதே குரலில்தான் சொன்னார்கள் என்பதும் அப்போது காதில் விழுந்தது.

விவாதம் நடந்தது. பழுதை "பயனர் பிழை" என்று பதிவதா, "எதிர்பாராத வசதி" என்று பதிவதா என்பதில் கருத்து வேற்றுமை வந்தது. மூன்றரை மணிக்கு, நான்குக்கு மூன்று என்ற கணக்கில், ஒருவரை அனுப்பலாம் என்று தீர்மானமானது. யாரை அனுப்புவது என்பதில் ஒத்துப்போகாததால் ஏழு பேரும் கிளம்பினார்கள்.

*

நாலரைக்கு சமீஹா கதவைத் திறந்தாள். கணவருக்குப் பின்னால் படிக்கட்டு வளைவு வரை ஆட்கள் நின்றார்கள்.

"யாரு செத்தது?" என்றாள்.

"யாரும் இல்லை. இவங்க பெட்டியைப் பார்க்க வந்திருக்காங்க."

அவள் அலமாரியின் மேல் பார்த்தாள். ஆரஞ்சு விளக்கைப் பார்த்தாள். இஸ்ஸத்தைப் பார்த்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு விருந்தாளிகளுக்கு வழிவிட்டாள். எட்டுக் கோப்பை டீ வைத்தாள். கடைசிக் கோப்பையைக் கணவர் முன்னால் வைத்தபோது சத்தம் மற்றதைவிடக் கொஞ்சம் அதிகமாக வந்தது.

"எத்தனை மணிக்குத் தொட்ட?"

"ஒன்பது மணிக்கு."

"வல்லாஹின்னு சொன்னியே."

"ஏழு நிமிஷம்னு போட்டிருந்தாங்க சமீஹா."

அவள் அடுக்களைக்குள் இழுத்துப் போய்க் குரலைத் தாழ்த்தினாள். "மேல்மாடி ஹாகா தவ்லத் வீட்டுல கம்பெனிப் பெட்டி இருக்கு. நான் அங்க போய் நடத்திக்கிறேன்."

"வேண்டாம்! அந்தப் பெட்டி வழியாக் கம்பெனிக்காரன் எல்லாத்தையும் ஒட்டுக்கேட்பான்."

"கேட்கட்டுமே. வேதியியல்தானே? அவனும் பாஸாகட்டும்."

"இன்னும் ஒரு மணி நேரம் குடு. எட்டு மூளை வேலை செய்யுது அங்க."

"அஞ்சே முக்கால் வரைக்கும்," என்றாள் சமீஹா. "அதுக்கு மேல ஒரு நிமிஷம் இல்லை."

வரவேற்பறையில் ஏழு மடிக்கணினிகள் திறந்திருந்தன. ஒவ்வொருவரும் அவரவர் திரையைப் பார்த்தபடி மற்றவர் சொன்னதை மறுத்தார்கள். பேச விரும்புகிறவர்கள் கை தூக்க வேண்டும். மேடம் அஃப்கார் பெயரை வரிசையில் எழுதிக்கொள்வார். நபவி மேம்பாட்டுக் குறிப்பை முதல் பக்கத்திலிருந்து உரக்க வாசித்தார். வகுப்புக்காகப் பாடப்புத்தகத்தை எடுக்க வந்த சமீஹாவை டாக்டர் மத்வல்லி நிறுத்தினார்.

"மேடம், நீங்க பயனர். நாங்க எல்லாம் உங்களுக்காகத்தான் இருக்கோம். சொல்லுங்க, ஓர் இயங்குதளத்துகிட்ட உங்க எதிர்பார்ப்பு என்ன?"

"இணையம் வரணும்."

"அது சரி. அதைத் தவிர?"

சமீஹா யோசித்துப் பார்த்தாள். "அதைத் தவிர ஒண்ணும் இல்லை."

டாக்டர் மற்றவர்களை நோக்கி வருத்தமாகத் தலையசைத்தார். "பாருங்க, கம்பெனிங்க ஜனங்களை எந்த அளவுக்குக் கொண்டு வந்துட்டாங்கன்னு."

ஐந்து பத்துக்கு இஸ்ஸத் காலிக் கோப்பைகளை எடுக்க அலமாரிப் பக்கம் போனார். பெட்டியின் முதுகைப் பார்த்தார். ஐந்து துளைகள். கம்பெனி ஒயர் ஒரு கோடியில் சொருகியிருந்தது. நபவி அப்போதுதான் நான்காம் பக்கத்தை வாசித்துக்கொண்டிருந்தார். ஏதோ ஒரு நினைப்பில் இஸ்ஸத் ஒயரை எடுத்து மறு கோடித் துளையில் சொருகினார்.

ஆரஞ்சு விளக்கு அணைந்தது. பச்சை விளக்கு எரிந்தது.

கைப்பேசியைப் பார்த்தார். மின்கடிதங்கள் வந்து விழுந்தன. இணையம் வந்துவிட்டது! உலகத்தில் எந்த மனிதனும் அந்த இடத்தில் கத்தியிருப்பான். இஸ்ஸத் கையைத் தூக்கினார்.

"நாலாவதா எழுதிக்கிறேன் உஸ்தாத்," என்றார் மேடம் அஃப்கார்.

கையைத் தூக்கியபடியே காத்திருந்தார். முதலாமவர் வரலாறு சொன்னார். இரண்டாமவர் அந்த வரலாற்றில் பிழை சொன்னார். மூன்றாமவர் டீ நன்றாயிருந்தது என்று சொல்லத்தான் கையைத் தூக்கியிருந்தார்; ஆனாலும் எழுந்து நின்ற பிறகு பத்து நிமிடம் பேசினார். ஐந்து முப்பத்தைந்துக்கு இஸ்ஸத்தின் முறை வந்தது.

"இணையம் வந்துடுச்சு," என்றார்.

ஏழு தலைகளும் திரைகளிலிருந்து நிமிர்ந்தன.

"எப்படி?" என்றார் நபவி.

"ஒயரை மாத்திச் சொருகினேன்."

"யாரைக் கேட்டு?"

டாக்டர் மத்வல்லி எழுந்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை, துயரம் இருந்தது.

"உஸ்தாத் இஸ்ஸத், உங்களைக் குறை சொல்லலை. நீங்க செஞ்சது பலன் கொடுத்திருக்கலாம். ஆனா பலனுக்காகவா நாம கூடியிருக்கோம்? பலன் வேணும்னா கம்பெனிகிட்டயே போயிருக்கலாமே! ஒரு தனி மனுஷன், ஆய்வு நடந்துக்கிட்டிருக்கும்போதே, ஆய்வுக்கு உட்பட்ட பொருளைத் தொட்டுட்டார். காரணம் தெரியாம காரியம் நடந்துடுச்சு. இதை எப்படி நான் நடவடிக்கைக் குறிப்புல ஏத்துறது?"

"விதி பதினாலு," என்றார் நபவி. "ஆய்வு முடியும் வரை பழுதானது பழுதான நிலையிலேயே பாதுகாக்கப்பட வேண்டும்."

எல்லாரும் இஸ்ஸத்தைப் பார்த்தார்கள். விதி பதினாலை எழுதியவரும் இஸ்ஸத்தான். 'பாதுகாக்கப்பட வேண்டும்' என்ற சொல்லுக்காக ஒரு வாரம் யோசித்தவர். அவர் அலமாரியிடம் போனார். தன் கையாலேயே ஒயரைப் பிடுங்கி, பழைய துளையில் சொருகினார். ஆரஞ்சு விளக்கு சிமிட்ட ஆரம்பித்தது.

திரும்பினார். வாசலில் சமீஹா நின்றிருந்தாள். ஒரு கையில் மடிக்கணினி, இன்னொரு கையில் பாடப்புத்தகம். எப்போதிலிருந்து நின்றாள் என்று தெரியவில்லை. பச்சையையும் பார்த்திருக்கிறாள், ஆரஞ்சையும் பார்த்திருக்கிறாள் என்பது முகத்தில் தெரிந்தது. திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் கதவைத் திறந்து மாடிப்படி ஏறிப் போனாள்.

*

நபவி பதினாறாம் பக்கத்துக்கு வந்தபோது மணி ஆறரை. இஸ்ஸத்தால் அதற்கு மேல் உட்கார முடியவில்லை. "இப்ப வந்துடறேன்" என்று யாரிடமோ சொல்லிவிட்டு மேலே போனார்.

ஹாகா தவ்லத் வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. ஹஜ்ஜுக்குப் போய் வந்த அந்தக் கிழவியம்மாள் சோபாவில் உட்கார்ந்து பூசணி விதை கொறித்துக்கொண்டிருந்தாள். இவரைப் பார்த்ததும் உதட்டில் விரலை வைத்தாள். சாப்பாட்டு மேஜையில் சமீஹாவின் முதுகு தெரிந்தது. திரையில் சின்னச் சின்னக் கட்டங்களில் முகங்கள்.

"அப்ப எந்த மின்முனையில தாமிரம் படியும்? பயப்படாம சொல்லுங்க. தப்பாச் சொன்னா இன்னிக்கே சொல்லிடுங்க, சனிக்கிழமை வரைக்கும் வெச்சிருக்காதீங்க."

பிள்ளைகள் சிரித்தார்கள். நான்கு வருடமாகப் பக்கத்து அறையில் நடந்த வகுப்பை இஸ்ஸத் ஒருநாளும் உட்கார்ந்து கேட்டதில்லை. ஒவ்வொரு நாளும் அவர் கவனித்தது பெட்டியின் விளக்கை மட்டும்தான். சமீஹாவின் குரல் வீட்டில் இருப்பதைவிட இங்கே இளமையாக இருந்தது. ஒரு பெண் அதே கேள்வியை மூன்றாம் தடவை கேட்டாள். சமீஹா மூன்றாம் தடவையும் முதல் தடவை போலவே சொன்னாள். நாளைக்கு வாங்களேன் என்று சொல்லவில்லை.

வகுப்பு முடிகிற நேரத்தில் ஒரு பெண் குரல் கேட்டது.

"மிஸ், நீங்க இன்னிக்கு வேற வீட்டுலயா இருக்கீங்க?"

"ஆமாம் நூரான். ஏன்?"

"இல்ல மிஸ், இன்னிக்கு ஒரு தடவைகூடக் கட் ஆகலை. எப்பவும் நாலு அஞ்சு தடவை போய்ப் போய் வருவீங்களே! வருஷம் முழுக்க அங்கிருந்தே எடுத்திருக்கலாமே மிஸ்?"

"ஆமா மிஸ்!" "ஆமா!" என்று கட்டங்கள் எல்லாம் கத்தின.

ஹாகா தவ்லத் பூசணி விதைத் தட்டை இஸ்ஸத்தின் பக்கம் நீட்டினாள். "எடுத்துக்கோ மகனே," என்றாள் மெதுவாக.

இஸ்ஸத் ஒன்றை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார். பாதிப் படியில் உட்கார்ந்தார். முதலில் அழுகை வருகிற மாதிரி இருந்தது, வந்தது சிரிப்பு. தோள் குலுங்கக் குலுங்க, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எதிர்வீட்டு நாய் எழுந்து அவரைப் பார்த்துவிட்டுத் திரும்பப் படுத்தது.

வீட்டுக்குள் நுழைந்தபோது வாக்கெடுப்பு நடந்துகொண்டிருந்தது.

"நல்ல நேரத்துல வந்தீங்க," என்றார் டாக்டர் மத்வல்லி. "மூணுக்கு மூணுல நிக்குது. மேடம் அஃப்கார் எழுதறதால ஓட்டுப் போடலை. உங்க ஓட்டு என்ன?"

"எதுக்கு ஓட்டு?"

"ஐந்து பத்திலிருந்து ஐந்து முப்பத்தைந்து வரைக்கும் இந்த வீட்டுல இணையம் இருந்துதா இல்லையான்னு."

"நான் நடுநிலை," என்றார் இஸ்ஸத். பிறகு யாரையும் கேட்காமல் அலமாரிக்குப் போய் ஒயரை மாற்றிச் சொருகினார். பச்சை எரிந்தது. இந்தத் தடவை கையைத் தூக்கவில்லை.

"இனிமே நடக்கிற எதுக்கும் மன்றம் பொறுப்பில்லை," என்றார் நபவி, புத்தகத்தை மூடுவது போல மடிக்கணினியை மூடி.

ஏழு பேரும் எழுந்தார்கள். கிளம்புவதற்கு முன் பெட்டியைச் சுற்றி நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். "இன்னும் ஒரு வீடு விடுதலை பெற்றது" என்று எழுதி, இஸ்ஸத்தின் வைஃபை வழியாகவே உலக அரங்கத்தில் அதை ஏற்றினார்கள். அங்கிருந்து முந்நூறு பேர் வாழ்த்துச் சொன்னார்கள்.

சமீஹா கீழே வந்தபோது அவர் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு கேட்கிறேன், உண்மையைச் சொல்லு," என்றாள். "அந்த ஒயரை உன் கையாலயே பிடுங்கினியே, ஏன்?"

"விதி பதினாலு."

"யாரு எழுதினது?"

"நான்."

அவள் கோபமாகத்தான் இருக்க நினைத்தாள். உதட்டை இறுக்கிப் பார்த்தாள். முடியவில்லை. அடுக்களை மேடையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்ததும் சொன்னாள்: "ஆனா நான் இன்னும் உன் மேல கோபமாத்தான் இருக்கேன்."

"இரு," என்றார் இஸ்ஸத். "நானும் என் மேல அப்படித்தான் இருக்கேன்."

சனிக்கிழமை மத்தியானம் பரீட்சை முடிந்ததும் கைப்பேசி ஓயாமல் அடித்தது. தாமிரம் படியும் கேள்வி அப்படியே வந்திருந்ததாம். நூரான் அழுதுகொண்டே சொன்னாள், சந்தோஷ அழுகை. சமீஹா இரண்டு கோப்பை டீ போட்டு வந்து, வியாழக்கிழமைக்குப் பிறகு முதல் தடவையாக, கணவருக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

கதவு தட்டுகிற சத்தம் கேட்டது. ஹாகா தவ்லத் மூச்சு வாங்க நின்றாள்.

"யா இஸ்ஸத், மகனே, என் பெட்டியில சிவப்பு விளக்கு எரியுது. கம்பெனிக்காரன் செவ்வாய்க்கிழமைதான் வருவானாம். உனக்குத்தான் இதெல்லாம் அத்துப்படியாச்சே. கொஞ்சம் வந்து பாரேன்."

இஸ்ஸத் கோப்பையைக் கீழே வைத்தார். முதுகு நிமிர்ந்தது. கண்ணில் ஓர் ஒளி வந்தது. கை தானாகவே மேஜை இழுப்பறைக்குள் ஸ்க்ரூடிரைவரைத் தேடியது.

"அது பழைய பதிப்பா இருக்கும் ஹாகா. நான் என்ன சொல்றேன்னா, அந்தப் பெட்டியை மொத்தமா..."

"இஸ்ஸத்," என்றாள் சமீஹா.

அவர் திரும்பிப் பார்த்தார்.

"உட்காரு."

உட்கார்ந்தார். சமீஹா எழுந்து ஹாகாவோடு மேலே போனாள். டீ ஆறுவதற்குள் திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து குடிக்க ஆரம்பித்தாள். என்ன செய்தாய், எந்த விளக்கு எரிந்தது, அணைத்துப் போட்டாயா, ஒயரைத் தொட்டாயா என்றெல்லாம் கேட்க இஸ்ஸத்துக்கு நாக்கு துடித்தது.

கேட்கவில்லை. டீ நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொன்னார்.